விசிறி மடங்கும்வரை

பிப்ரவரி 4, திங்கள்

தூத்துக்குடி வந்து சேர்ந்தாயிற்று. லாட்ஜ் குழாயைத் திறந்தால் உப்புத் தண்ணீர். குளித்துவிட்டு வந்தால், குளிக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

இந்த நோட்டு கன்டின்யுட்டிக்கு. யாருக்கு எங்கே காயம், என்ன நிறம், எத்தனை நாள் பழசு, போட்டது யார் என்று எழுதிவைக்காவிட்டால், இன்றைக்கு வலது கன்னத்தில் இருக்கும் வீக்கம் நாளைக்கு இடது கன்னத்துக்குக் குடிபோய்விடும். எட்டு வருடமாகச் சினிமாவில் காயம் போடுகிறேன். மற்ற மேக்கப்காரர்கள் அழகு போடுகிறார்கள், நான் அடி போடுகிறேன். பக்கத்தில் இடம் மிஞ்சினால் மற்றதையும் எழுதுவேன். என் வீட்டுக்காரர் எப்போதாவது இதைப் புரட்டிப் பார்ப்பார். அதனால் பார்த்து எழுத வேண்டும்.

டைரக்டர் ஜப்பான்காரர். கென்சாகு நருமி, எழுபத்தொரு வயது. ஒல்லி உடம்பு, வெள்ளைச் சட்டை, கையில் கறுப்புக் காகித விசிறி. உப்பளத் தொழிலாளி ஒருவன் பெண்டாட்டியைப் பதினைந்து வருடம் அடிக்கிறான், அதுதான் படம். அவர் பேசுவதை நமக்கும் நாம் பேசுவதை அவருக்கும் சொல்ல ஹேமலதா மேடம் இருக்கிறார். சென்னையில் இருபது வருடம் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுத்தவர்.

என் வீட்டுக்காரர் தாமுவும் இதே படத்தில்தான். வந்திருக்கும் ஐந்து ஃபைட்டர்களில் அவர் ஒருவர். இருவருக்கும் ஒரே அறை கொடுத்துவிட்டார்கள். "குடுத்து வச்சவங்க கோமளா, புருஷன் பொண்டாட்டி சேர்ந்தே வேலை பாக்குறீங்க" என்றார் மேனேஜர் சற்குணம். ஆமாம் சார் என்றேன்.

மத்தியானம் எனக்குப் பரீட்சை. கதாநாயகி பூரணி, மதுரைப் பெண், மேடை நாடகக்காரி. சினிமாவுக்குப் புதுசு. அவள் கையில் மூன்று நாள் ஆன காயம் ஒன்று போடச் சொன்னார் டைரக்டர்.

"அடிச்சதா, பிடிச்சதா?" என்று கேட்டேன்.

ஹேமலதா மேடம் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அதை அவரிடம் சொன்னார். பிடித்தது என்றார் அவர்.

"பிடிச்சதுன்னா நாலு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் இன்னொரு பக்கம். கட்டைவிரல்தான் ஆழமா விழும். மூணு நாள்னா நடுவுல ஊதா, ஓரத்துல இன்னும் கொஞ்சம் சிவப்பு. பச்சை வர அஞ்சு நாள் ஆவும்."

அரை மணியில் போட்டு முடித்தேன். அவர் மூக்கு பூரணியின் கையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து ஏதோ கேட்டார்.

"எங்க கத்துக்கிட்டேன்னு கேக்குறார்" என்றார் மேடம்.

"புத்தகத்துல."

பூரணி. இடது மேல்கை. மூன்று நாள். ஊதா. போட்டது: கோமளா.

பிப்ரவரி 6, புதன்

காலையில் லாட்ஜ் சமையல்கட்டில் ரத்தம் காய்ச்சினேன். சர்க்கரைப் பாகு, சிவப்புக் கலர் பொடி, கறுக்க வைக்கக் கொஞ்சம் காபித்தூள். சமையல்காரர் எட்டிப் பார்த்துவிட்டு "ஐயையோ" என்று ஓடினார். என் ரத்தத்தில் ஒரே குறை, எறும்பு மொய்க்கும். பாட்டில்களைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்திவைத்தேன்.

இட்லி சாப்பிடும்போது ஹேமலதா மேடம் டைரக்டரின் கதையைச் சொன்னார். ஆரம்பத்தில் மளமளவென்று ரவுடிப் படங்கள் எடுத்தாராம், பதினாலு. ஒன்றும் யாருக்கும் நினைவில்லை. முப்பத்தாறு வயதில் எடுத்த ஒரு படத்தில் ஒருவனுக்கு விரலை உடைக்கும் காட்சி. நடிகனின் விரலை நிஜமாகவே உடைத்தாராம். அவர் ஊரில் அந்தப் படத்துக்குத் தடை. ஐரோப்பாவில் ஒரு விழாவில் போட்டபோது பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்களாம், மீதிப் பாதி எழுந்து நின்று கைதட்டினார்களாம். அன்று முதல் எழுதாத சட்டம் மாதிரி, அவர் படம் என்றால் அடி நிஜம்.

"கட் சொல்ல மாட்டார், கவனிச்சியா? விசிறியை மடக்குவார். அவர் மடக்கினாதான் நான் கட்னு கத்தணும். அதுவரைக்கும் ஒருத்தரும் அசையக் கூடாது. சீன் முடிஞ்ச பிறகு ஆளுங்க முகத்துல என்ன வருதோ அதுதான் படம்னு சொல்வார்."

இருபது வருடத்துக்கு முன்னால் ஆற்றில் ஒரு காட்சி. நடிகையைத் தண்ணீரில் அமுக்க வேண்டும். விசிறி நாலு நிமிடம் மடங்கவில்லை. விட்டு விட்டுத்தான் அமுக்கினார்களாம். இருந்தாலும் அந்தப் பெண்ணுக்கு ஒரு காது போய்விட்டது, அப்புறம் நடிக்கவே இல்லை. கேஸ் எட்டு வருடம் நடந்தது. படத்தைப் பாருங்கள், பிறகு தண்டியுங்கள் என்று கோர்ட்டில் சொன்னாராம். தண்டனை இல்லை. ஆனால் அதற்கப்புறம் பன்னிரண்டு வருடம் எவரும் படம் கொடுக்கவில்லை. இப்போது எங்கெங்கோ கேட்டு, இங்கே வந்திருக்கிறார்.

"அந்த நாலு நிமிஷமும் சுத்தி இருந்தவங்க இன்னா பண்ணாங்க மேடம்?"

"விசிறியைப் பார்த்துட்டு நின்னாங்க."

"நல்லா இருக்கே நியாயம்! அத்தனை பேருக்கும் கை கால் இல்லியா?" என்றேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இரண்டு இட்லி கூடவே சாப்பிட்டுவிட்டேன்.

பிப்ரவரி 7, வியாழன்

புருஷன் வேடத்துக்குச் சென்னையிலிருந்து வந்த நடிகர் ஊருக்குப் போய்விட்டார். டைரக்டர் அனுப்பிவிட்டார். அவர் அடித்தது அடி மாதிரி இல்லையாம்.

அப்புறம் ஐந்து ஃபைட்டர்களையும் வரிசையில் நிற்கவைத்து, உப்பு மூட்டை ஒன்றை ஆளுக்கொரு தரம் அறையச் சொன்னார். மற்ற நாலு பேரும் தொழில்காரர்கள். கையைப் பெரிதாக ஓங்கி, கடைசி நொடியில் அடியை விட்டுக்கொடுத்தார்கள். ஃபைட்டருக்கு அதுதான் வித்தை. எதிராளியின் கன்னத்துக்கும் கைக்கும் நடுவில் ஒரு சாண் விடவேண்டும், சத்தத்தை அப்புறம் சேர்ப்பார்கள். என் வீட்டுக்காரர் ஓங்கவே இல்லை. பேசிக்கொண்டிருக்கிறவர் மாதிரி நின்று, இடுப்பளவிலிருந்து சட்டென்று விட்டார். மூட்டைத் தையல் பிரிந்தது.

டைரக்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். ஹேமலதா மேடம் சொன்னார்: "இந்தக் கைக்கு விஷயம் தெரியும்ங்கிறார்."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பத்தொன்பது வருடமாக யாருக்காவது டூப் போட்டுக்கொண்டிருந்தவர், இன்று கதாநாயகன். என்னைத் தேடி வந்து, "பாத்தியாடி, ஜப்பான்காரனுக்குத் தெரியுது நான் யாருன்னு" என்றார். நிஜமாகவே சந்தோஷமாக இருந்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சந்தோஷமாக இருக்கும் நாட்களில் அவர் நல்லவர்.

பிப்ரவரி 8, வெள்ளி

வசனம் பாடமாகவில்லை என்று சாயங்காலம் அவருக்கு எரிச்சல். நான் எடுத்துக்கொடுத்தது தப்பாகிவிட்டது.

பிப்ரவரி 9, சனி

முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டேன். உப்பளத்து வெயிலுக்கு அதுதான் நல்லது.

பிப்ரவரி 11, திங்கள்

முதல் அறை, காட்சி பன்னிரண்டு. புருஷன் வேலை முடிந்து வருகிறான், சோறு ஆறிப்போயிருக்கிறது, அறைகிறான். பூரணி உதட்டுக்குள் வைத்துக்கொள்ள ஒரு சின்ன ரத்த உறை செய்து கொடுத்திருந்தேன். கடித்தால் உடைந்து ஒழுகும். ஒத்திகையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒரு சாண் இடைவெளி விட்டுத்தான் கை போனது.

டேக்கில் விடவில்லை.

சத்தம் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பூரணி தட்டின் மேல் விழுந்தாள். அவள் முகத்தில் நடிப்பு ஒன்றும் இல்லை, வெறும் திகைப்புதான் இருந்தது. விசிறி மடங்கவில்லை. அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். என் வீட்டுக்காரர் இன்னொரு தரம் விட்டார். அதற்கப்புறம் அவள் உட்கார்ந்து, சிந்திய சோற்றை ஒவ்வொன்றாகத் தட்டில் எடுத்துப் போட ஆரம்பித்தாள். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் சொல்லவில்லை. தானாகச் செய்தாள். ரொம்ப நேரம் கழித்து விசிறி மடங்கியது. "கட்!" என்று ஹேமலதா மேடம் கத்தினார்.

எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "கோமளாக்கா, கலக்கிட்டீங்க. அந்த உதடு கிழிஞ்சது பாருங்க, அப்படியே ஒரிஜினல்!" என்றார் கேமரா உதவியாளர். சற்குணம் சார் தோளைத் தட்டினார். வலித்தது.

நான் கொடுத்த உறை உடையாமல் தரையில் கிடந்தது. பூரணியின் உதட்டில் இருந்தது என் ரத்தம் இல்லை. என் ரத்தம் காயாது, மணிக்கணக்கில் பளபளவென்றே இருக்கும். இது அதற்குள் ஓரத்தில் பழுப்பாகி ஆடை கட்ட ஆரம்பித்திருந்தது. உறையைக் காலால் மண்ணுக்குள் தள்ளிவிட்டு, "தேங்க்ஸ் தம்பி" என்றேன்.

பஞ்சு வைக்கும்போது பூரணி சொன்னாள்: "பரவாயில்லக்கா. தெரியாம பட்டுருச்சுன்னு அண்ணன் வந்து சொன்னாரு. ரொம்ப வருத்தப்பட்டாருக்கா. கண்ணெல்லாம் கலங்கிருச்சு அவருக்கு."

ஆமாம், கலங்கும்.

பூரணி. கீழுதடு, இடது ஓரம். புதுக் காயம். சிவப்பு. போட்டது: கோமளா.

பிப்ரவரி 13, புதன்

உப்பளத்தில் காற்று. முகத்தில் வைத்த பவுடரெல்லாம் பறந்துவிட்டது. பூரணியின் காலில் சேறு பூசக் குனிந்தபோது காற்று என் சட்டைக் கழுத்தை விலக்கிவிட்டது. நிமிர்ந்தால் எதிரில் டைரக்டர். விசிறியால் என் தோளைக் காட்டி ஒரு வார்த்தை சொன்னார்.

ஹேமலதா மேடம் சொல்லத் தயங்கினார். நான் விடவில்லை.

"அஞ்சு நாள்ங்கிறார்."

எண்ணிப் பார்த்தேன். சரியாக ஐந்து நாள். "லாட்ஜ்ல கதவு இடிச்சுது" என்றேன். மேடம் அதைச் சொன்னார். அவர் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கதவுக்கு நாலு விரல் இல்லை என்று அவருக்குத் தெரியாதா என்ன. இத்தனை வருடத்தில் என் அக்கா பார்த்திருக்கிறாள், பக்கத்து வீட்டுக்காரி பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுப் பார்வையை மாற்றிக்கொள்வார்கள். இந்த மனிதர் கண்ணை எடுக்காமல் பார்த்தார். அழுகை வந்துவிடும் போல் இருந்தது எனக்கு. பார்க்கிறாரே, ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

சொன்னார். அதைப் படம் எடுக்கலாமா என்று கேட்டார். பூரணியின் புடவையைக் கட்டிக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் போதுமாம், முகம் தெரியாதாம்.

"வேண்டாம்னு சொல்லிடு கோமளா" என்றார் மேடம், என் காதோடு.

நான் சரி என்றேன். ஏன் சொன்னேன் என்று இப்போது வரை தெரியவில்லை. தோளுக்கு நேராகக் கிளாப் போர்டைப் பிடித்தார்கள். காட்சி எண், தேதி, எல்லாம் எழுதியிருந்தது. அரை நிமிடம் விளக்கின் சூடு தோளில் பட்டது. அப்புறம் விசிறி மடங்கியது.

பூரணிக்காக. இடது தோள். ஐந்து நாள். பச்சை கலந்த ஊதா. போட்டது:

பிப்ரவரி 14, வியாழன்

யாரோ என் வீட்டுக்காரரிடம் போட்டுக்கொடுத்துவிட்டார்கள். காலையில் நான் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தபோது கதவைச் சாத்திவிட்டு வந்தார். அடிக்கவில்லை. சிரித்தார். "தோளைக் காட்டினியாமே ஊருக்கு? போ, யாராண்ட வோணா போய்க் காட்டு. நீ போட்டதுன்னுதான் சொல்லுவாங்க. உன் தொயிலே அதானேடி" என்றார். அப்புறம் என் டீயையும் எடுத்துக் குடித்துவிட்டுப் போனார்.

பிரஷ்களைக் காயவைத்தேன். இந்த நோட்டை இனி பிரஷ் பெட்டிக்கு அடியில் ஒளித்துவைக்க வேண்டும். புது ரத்தம் காய்ச்ச வேண்டும், சர்க்கரை தீர்ந்துவிட்டது.

பிப்ரவரி 16, சனி

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டைரக்டர் என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தார். தயிர்சாதத்தைக் கரண்டியால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானாகப் பேசினார். ஹேமலதா மேடம் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தார்.

அவர் சின்னப் பையனாக இருந்தபோது வீட்டில் காகிதக் கதவாம். கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா அம்மாவை அடிப்பார். இவருக்குச் சத்தம் மட்டும் கேட்கும், நிழல் மட்டும் தெரியும். காலையில் அம்மா கழுத்து மூடிய உடுப்போடு வந்து சோறு வைப்பாள். கதவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று பார்ப்பதற்காகத்தான் நாற்பத்தைந்து வருடமாகப் படம் எடுக்கிறாராம். இன்னும் சரியாகப் பார்க்கவில்லையாம். என் தோள்தான் அதற்கு ரொம்பக் கிட்டே வந்ததாம்.

நான் பரிதாபப்பட வேண்டும் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. கொஞ்சம் பட்டேன்தான். அப்புறம் பூரணியின் உதடு ஞாபகம் வந்தது.

"பாத்து இன்னா கியிச்சீங்கன்னு கேளுங்க மேடம். கதவைத் தட்டியிருக்கலாம்ல? சின்னப் பையன், சரி. இப்ப எழுபது வயசாவுதே, இப்பவாச்சும் தட்டலாம்ல?"

மேடம் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். "சாப்பாடு நல்லா இருந்ததான்னு கேக்கறேன்னு சொல்லிடறேன்" என்றார். அவர் தயிர்சாதம் அருமை என்று பதில் சொன்னார்.

பிப்ரவரி 17, ஞாயிறு

விடுமுறை. துணி துவைத்தேன். அவர் மற்ற ஃபைட்டர்களோடு திருச்செந்தூர் போய்விட்டார். பூரணி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து என் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டாள். தலை தேய்த்துவிட்டேன். நல்ல அடர்த்தியான முடி.

செவ்வாய்க்கிழமை பெரிய காட்சி. புருஷன் அவளை முடியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போய், உப்புப் பாத்தித் தண்ணீரில் முகத்தை அமுக்குகிறான். ஒரு சாண் ஆழம்தான். மூச்சு முட்டினால் என் வீட்டுக்காரர் காலில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும், உடனே விட்டுவிடுவார் என்று பேசிவைத்திருக்கிறார்கள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? அண்ணன் எப்படிக்கா? தட்டுனா விட்ருவாருல்ல?"

என் விரல்கள் அவள் தலைக்குள் இருந்தன. நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

"விட்ருவாரு. நல்லவருதான்" என்றேன்.

அவள் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள். "உங்களுக்குப் புள்ளைக இல்லையாக்கா?" என்று கேட்டாள். மூன்றாம் மாதத்தில் படியில் விழுந்து கலைந்துவிட்டது என்று சொன்னேன். டாக்டரிடமும் அதைத்தான் சொன்னோம். சாலிகிராமத்தில் எங்கள் வீடு தரைத்தளம். படி கிடையாது.

எண்ணெய்க் கையோடு எழுதுகிறேன், பக்கமெல்லாம் பிசுக்கு.

பிப்ரவரி 18, திங்கள்

அவளிடம் சொல்லிவிடலாம் என்று மூன்று தரம் அவள் அறை வரை போனேன். மூன்று தரமும் உதட்டுக்கு மருந்து போட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 19, செவ்வாய்

ஒரு கண் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இருந்தாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

மத்தியானம் பன்னிரண்டு மணி வெயில். கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளை. அவர் பூரணியின் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். உப்புப் பரல் பட்டு அவள் முழங்கால் இரண்டும் சிவந்துவிட்டன. அங்கே நான் ஒன்றும் பூசியிருக்கவில்லை. பாத்தி ஓரத்தில் மண்டியிட்டு, அவள் முகத்தைத் தண்ணீருக்குள் அமுக்கினார். பூரணி கைகளை அடித்துக்கொண்டாள், அது கதையில் இருக்கிறது. பிறகு அவள் கை தேடிப்போய் அவர் கெண்டைக்காலில் இரண்டு தட்டுத் தட்டியது. எல்லோரும் பார்த்தோம். அவர் விடவில்லை.

இன்னும் இரண்டு தட்டு.

நான் விசிறியைப் பார்த்தேன். விரிந்தே இருந்தது. ஹேமலதா மேடமும் விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சற்குணம், கேமராக்காரர், விளக்குக்காரர்கள், உப்பளத்துப் பெண்கள், அறுபது பேருக்குக் குறையாது. எல்லோரும் ஒரு கிழவரின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அன்றைக்கு இட்லி தின்றபடி நான் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. சீ என்று இருந்தது.

அப்புறம்தான் அவர் பிடியைப் பார்த்தேன். நாலு விரல் பிடரி முடிக்குள், கட்டைவிரல் காதுக்குப் பின்னால் எலும்பில். அந்த இடம் எனக்குத் தெரியும். அங்கே அழுத்தினால் கத்த வராது.

நடந்தேன். "ஃப்ரேமுக்குள்ள போவாதீங்கக்கா, கேமரா ரன்னிங்ல இருக்கு" என்று யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்கள். பாத்தியில் இறங்கினேன். அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து, "வுடுயா! செத்துடும் அந்தப் பொண்ணு, வுடு!" என்றேன். பதினொரு வருடத்தில் அவரை நான் கைநீட்டித் தொட்டுத் தடுத்தது அதுதான் முதல் தரம்.

நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்துக்கும் கேமராவுக்கும் சம்பந்தமே இல்லை. இடுப்பளவிலிருந்து விட்டார்.

உப்புக் குவியலில் போய் விழுந்தேன். கண்ணுக்குக் கீழே ஏதோ நறுக்கென்றது. மறுபடி வயிற்றில் ஒன்று, உதை. வாயெல்லாம் உப்பு. அந்தப் பக்கம் பூரணி தலையைத் தூக்கி, வாந்தியெடுத்து, ஒரு முழு மூச்சு இழுப்பது கேட்டது. அது கேட்டதும் எனக்கு வலி அவ்வளவாகத் தெரியவில்லை. யாரோ பின்னால், "இது சீன்ல இருக்கா? செம்மயா இருக்கு" என்று சொன்னதும் கேட்டது.

எழுந்தேன். டைரக்டர் அப்போதும் விசிறியை விரித்தபடியே இருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது, கண் இரண்டும் என் மேல். ஒருவழியாகக் கதவைத் திறந்துவிட்டார், பார்த்துவிட்டார். நேராக அவரிடம் போனேன். அவர் கையிலிருந்து விசிறியைப் பிடுங்கி மடக்கினேன்.

"கட்!" என்று கத்தினேன்.

ஹேமலதா மேடம் அழுதுகொண்டே அதை அவருக்கு ஜப்பானிய மொழியில் சொன்னார்.

பிப்ரவரி 20, புதன்

பூரணிக்கு நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றார்கள். எனக்குக் கன்னத்து எலும்பில் கீறல். "எப்படிம்மா ஆச்சு?" என்று டாக்டர் கேட்டார். பழக்கத்தில் வாய் "படி" என்று ஆரம்பித்துவிட்டது. பக்கத்துக் கட்டிலிலிருந்து பூரணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்திக்கொண்டேன். டாக்டருக்கு அவசரம், போய்விட்டார்.

சற்குணம் சார் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். "ஷூட்டிங்ல நடந்தது ஷூட்டிங்கோட போகட்டும்மா. ரெண்டு பேருக்கும் நல்லது" என்றார். ஆரஞ்சை எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன்.

சாயங்காலம் ஹேமலதா மேடம் வந்தார். டைரக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார்: நாற்பத்தைந்து வருடமாகக் காத்திருந்த ஷாட் அதுவாம். படத்தில் வைத்துக்கொள்ள என் அனுமதி வேண்டுமாம். என் பெயரைப் பெரிய எழுத்தில் போடுவாராம்.

"மேடம், இந்தத் தரம் தயிர்சாதம்னு மாத்தாம, ஒரு வார்த்தை வுடாம சொல்லுங்க. உங்கப்பா கதவைச் சாத்திட்டுப் பண்ணாரு. நீங்க லைட்டு போட்டுப் பண்றீங்க. உங்கம்மா இருந்தா அந்த ஷாட்டை வச்சுக்கோன்னு சொல்லுவாங்களான்னு கேளுங்க."

மேடம் அங்கேயே போன் போட்டு, வரிசையாக எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டது.

"விசிறியைத் திருப்பித் தர முடியுமான்னு கேக்குறார்."

அது என் பையில் இருக்கிறது. கொடுப்பதாக இல்லை.

பிப்ரவரி 22, வெள்ளி

படம் நின்றுவிட்டது. விஷயம் வெளியே தெரிந்து, பணம் போட்ட வெளிநாட்டுக்காரர்கள் கைகழுவிவிட்டார்களாம். டைரக்டர் நேற்றே விமானம் ஏறிவிட்டார். இனி எவரும் அவருக்குப் படம் கொடுக்க மாட்டார்கள் என்றார் மேடம். போகும்போது என் தோளை எடுத்த அந்த ஷாட்டிலிருந்து ஒரு போட்டோவை மேடத்தின் போனுக்கு அனுப்பிவிட்டுப் போயிருக்கிறார், ஒரு வார்த்தையும் எழுதாமல்.

மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். நான், மேடம், தொண்டை கட்டிப்போன பூரணி. இன்ஸ்பெக்டர் தங்கபுஷ்பம் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரரு நேத்தே வந்து எல்லாம் சொல்லிட்டுப் போயிட்டாரும்மா. மேனேஜரும் கூட வந்தாரு. நீங்க வேலை பாத்த படமெல்லாம் போன்ல காட்டுனாரு. எம்மா, என்னா தத்ரூபம்! வெட்டு, குத்து, கண்ணு வீக்கம், எல்லாம் நீங்க போட்டதுதான்லா? சண்டைன்னா இப்படிப் போட்டுக்கிட்டு வந்து பயங்காட்டுவீங்கன்னு சொன்னாரு."

தோள் போட்டோவைக் காட்டினேன். இன்ஸ்பெக்டர் போனைத் தள்ளிவைத்தார். "இதுல கிளாப் போர்டுல்லா இருக்கு. இது சினிமாம்மா."

"மேடம், நான் பாத்தேன், எனக்கும்..." என்று பூரணி ஆரம்பித்தாள். இருமல் வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே டீயைக் குடித்தது என் கண்முன் வந்தது. யாராண்ட வோணா காட்டு. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. பையைத் திறந்து மேக்கப் கலைக்கும் கிரீமையும் பஞ்சையும் எடுத்து மேசை மேல் வைத்தேன்.

"எட்டு வருஷமா இத வச்சுதான் மேடம் நான் போட்டதெல்லாம் கலைக்கிறேன். இதுக்குக் கலையாத மேக்கப் இல்ல. நீங்களே தொடைங்க."

"வேண்டாம்மா..."

"தொடைங்க மேடம்."

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார். பஞ்சில் கிரீமைத் தொட்டுக் கண்ணுக்குக் கீழே மெதுவாக இழுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டேன். பஞ்சைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது.

"இன்னும் அழுத்தி" என்றேன்.

அழுத்தினார். கண்ணில் தண்ணீர் தாரையாகக் கொட்டியது. தலையை விலக்கவில்லை. சட்டைக் கழுத்தை விலக்கித் தோளையும் காட்டினேன், இப்போது மஞ்சளாகிவிட்ட தோள். அங்கேயும் துடைத்தார். வேறு பஞ்சு எடுத்து, முதுகில் எனக்கே ஞாபகம் இல்லாத ஓரிடத்தையும் துடைத்தார். மூன்று பஞ்சும் மேசை மேல் வெள்ளை வெளேரென்று கிடந்தன.

இன்ஸ்பெக்டர் என் சட்டைக் கழுத்தைத் தன் கையால் சரிசெய்துவிட்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "ஏட்டம்மா, பேப்பர் எடுங்க" என்றார். என்னிடம், "என்ன நடந்துச்சுன்னு உங்க வாயால சொல்லுங்கம்மா. எப்ப இருந்து, எத்தனை தடவை, எல்லாம்" என்றார்.

கதவு, படி, குளியலறை வழுக்கல் என்று அத்தனை வருடப் பொய்யும் நாக்கில் வரிசைகட்டி நின்றது. பூரணி என் கையைப் பிடித்து, அவளும் என் வீட்டுக்காரரும் பாத்திக் காட்சிக்குப் பேசிவைத்திருந்த மாதிரி, உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினாள். சொல்ல ஆரம்பித்தேன். ஏட்டம்மா பேனாவை நிறுத்த இரண்டு மணி நேரம் ஆனது.

பூரணியின் அறைக்குத் திரும்பி வந்ததும் இந்த நோட்டைத்தான் எடுத்தேன். விட்டுப்போனதை எழுத வேண்டும்.

பூரணி. கீழுதடு. போட்டது கோமளா என்று பதினொன்றாம் தேதி எழுதியது பொய். அந்த வரியை அடித்துவிட்டேன்.

கோமளா. இடது கண்ணுக்குக் கீழே. மூன்று நாள். ஊதா. இடது தோள். பதினாலு நாள். மஞ்சள். போட்டது: தாமோதரன், என் புருஷன். பதினொரு வருஷமாக அவன் என்னை அடிக்கிறான்.